திரைக்குப் பக்கத்தில் ஒரு கை

அப்பா போன பிறகு எங்கள் வீட்டில் வந்த முதல் சண்டை டிவியைப் பற்றித்தான்.

துக்கம் கேட்க வந்தவர்கள் குறைந்து, இரவல் வாங்கிய நாற்காலிகளையெல்லாம் அக்கம்பக்கத்தில் திருப்பிக் கொடுத்த பிறகு வீடு திடீரென்று பெரிதாகிவிட்டிருந்தது. அண்ணன் கிளம்புவதற்காகப் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தான். அம்மா முன்னறையில் அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். எதிரே டிவி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. செய்தி வாசிக்கும் பெண்ணின் முகம், எங்கள் வீட்டில் எல்லா முகங்களும் இருப்பதுபோலவே, நீலம் பாரித்திருந்தது.

"இந்த டிவிப் பெட்டியை இனிமேலாவது தூக்கிப் போடலாம்மா. புதுசா ஒண்ணு வாங்கி மாட்டிட்டுப் போறேன். இதுல பாரு, எல்லாரும் செத்த மூஞ்சியா…" என்று ஆரம்பித்த அண்ணன் பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "மூஞ்சி எப்படி இருந்தா உனக்கென்ன? நீயா உக்காந்து பார்க்கப் போறே?"

"நல்லதுக்குத்தானேம்மா சொன்னேன்."

"நல்லது பண்ணணும்னா பின்னாடி கொல்லைக் கதவு சாத்த மாட்டேங்குது, அதைச் சரி பண்ணிட்டுப் போ. டிவியை யாரும் தொடக்கூடாது. மஞ்சத் தம்பி வரட்டும்."

நானும் அண்ணனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மஞ்சத் தம்பியா? அந்தப் பேர் எங்கள் வீட்டில் கேட்டு எவ்வளவோ காலமாகிவிட்டது. அண்ணன் கொல்லைக் கதவைச் சரி செய்யாமலே கிளம்பிப் போனான். நான் அம்மாவுடன் தங்கிவிட்டேன்.

எங்கள் அப்பா தொலைக்காட்சி நிலையத்தில் என்ஜினீயர். சின்ன வயதில் பள்ளியில் இதைச் சொன்னால், "அப்போ டிவில வருவாரா?" என்று கேட்பார்கள். வரமாட்டார் என்றால், "அப்புறம் என்ன பெரிய டிவி என்ஜினீயர்?" என்று உதட்டைப் பிதுக்குவார்கள். வீட்டுக்கு வந்து அழுதால் அப்பா சிரிப்பார்.

"நாங்க டிவில தெரிஞ்சா அன்னிக்கு ஏதோ பெரிய தப்பு நடந்துபோச்சுன்னு அர்த்தம்டி. படம் அணையாம ஓடுதா? அப்போ அப்பா அங்க நல்லா இருக்கேன். அவ்வளவுதான் கணக்கு."

அந்தக் கணக்கை நாங்கள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டோம். சாப்பிடும்போது திரை ஒரு கணம் இருண்டால் எங்கள் கை வாய்க்குப் பக்கத்திலேயே நின்றுவிடும். படம் திரும்பி வந்ததும் அம்மா, "ம், சாப்பிடுங்க. உங்கப்பா முழிச்சுக்கிட்டுதான் இருக்கார்" என்பாள்.

அவருடைய வேலை முகங்களைப் பார்ப்பது. ஸ்டுடியோவில் ஒரே ஆளை மூன்று கேமராக்கள் பார்க்கும். ஒவ்வொன்றுக்கும் அந்த ஆள் ஒவ்வொரு நிறம். ஒன்றில் சிவந்திருப்பார், ஒன்றில் வெளுத்திருப்பார். கன்ட்ரோல் ரூமில் மானிட்டர்கள் முன்னால் உட்கார்ந்து அந்த மூன்றையும் ஒரே நிறத்துக்குக் கொண்டுவர வேண்டும். "கேமரா மாறலாம், ஆள் மாறக்கூடாது" என்பார் அப்பா. "முகத்தை முதல்ல சரி பண்ணு. மத்த நிறமெல்லாம் நாய்க்குட்டி மாதிரி பின்னாடி வரும்."

வீட்டு டிவியையும் அவர்தான் சரி செய்வார். அதற்காகவே அதன் பின்பக்க மூடியில் ஒரு சின்னத் துளை போட்டு வைத்திருந்தார். சட்டைப்பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் எப்போதும் ஒரு மெல்லிய ஸ்க்ரூடிரைவர் இருக்கும். அதைத் துளைக்குள் விட்டுக்கொண்டு, "ஏய், கையைக் கொண்டா" என்று குரல் கொடுப்பார். அம்மா அடுப்படியிலிருந்து ஈரக்கையைத் துடைத்தபடி வந்து, திரையில் இருக்கும் முகத்துக்குப் பக்கத்தில் கையை வைத்துக்கொண்டு நிற்பாள். கையின் நிறத்தைப் பார்த்துத்தான் முகத்தின் நிறத்தை வைப்பார்.

"ஆடாதே."

"எவ்வளவு நேரங்க? அடுப்புல பால் வெச்சிருக்கேன்."

"பால் பொங்கினா துடைச்சுக்கலாம். முகம் கெட்டா ஊரே பார்க்கும்."

"நம்ம வீட்டு டிவியை ஊர் எங்க வந்து பார்க்குது?"

ஒருமுறை இதைப் பார்த்த பெரியப்பா, "அவனவன் பொண்டாட்டி கையில மோதிரம் போட்டு அழகு பார்ப்பான். என் தம்பி நியூஸ்காரி மூஞ்சியை வெச்சுப் பார்க்கறான்" என்றார். அம்மா வெட்கப்பட்டுக்கொண்டு கையை இழுக்க, "ஆடாதேன்னு சொன்னேன்ல" என்று அப்பா அந்தக் கையைப் பிடித்து மறுபடி திரையோடு வைத்தார். என் பெற்றோர் எங்கள் முன்னால் கைகோத்து நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

பிறகு எப்போதோ அவர் கையைக் கேட்பதை நிறுத்திவிட்டார். "இத்தனை வருஷம் பார்த்துப் பழகின கண்ணு. இனிமே அளவு எதுக்கு?" என்பார். அதற்கப்புறம்தான் எங்கள் வீட்டு முகங்கள் மெல்ல மெல்ல நீலமாக ஆரம்பித்திருக்க வேண்டும். ஒரே நாளில் மாறியிருந்தால் கேட்டிருப்போம். கொஞ்சம் கொஞ்சமாக மாறியதால் எங்கள் கண்ணும் கூடவே மாறிவிட்டது. சிநேகிதி வீட்டில் டிவி பார்த்துவிட்டு வந்து, "அவங்க வீட்ல எல்லாரும் மஞ்சளா இருக்காங்கப்பா" என்று நானே சொல்லியிருக்கிறேன். அப்பா திருப்தியாகத் தலையாட்டுவார். என் கல்யாண ஆல்பம் வந்தபோது, எல்லோர் முகமும் மஞ்சளாக இருக்கிறது என்று போட்டோ ஸ்டுடியோக்காரரோடு மல்லுக்கு நின்று மறுபடி அச்சடிக்க வைத்தார். அதில் நானும் என் கணவரும் குளிரில் விறைத்துப் போனவர்கள்போல் இருக்கிறோம். முன்னறைக்கு வெள்ளை அடிக்கச் சொல்லி அவரே நிறம் கலந்து கொடுத்தார். பெயின்டர், "வெள்ளைன்னு சொன்னீங்களே சார், இது நீலமால்ல இருக்கு?" என்று கேட்டதற்கு, "உனக்குப் பெயின்ட் தெரியும். எனக்கு வெளிச்சம் தெரியும். அடி" என்றார். பெயின்டர் அடித்தார்.

வெளிச்சம் தெரிந்தவரிடம் யார் வாதாடுவது?

மஞ்சத் தம்பி வாதாடினார்.

அவர் அப்பாவின் கீழ் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர். ஒல்லியாக, எப்போதும் பசியோடு இருப்பவர்போல் இருப்பார். ஆரம்பத்தில் பாதி நாள் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. அப்போது அவரைச் சொந்தப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவோம். ஒருநாள் அப்பா வேலையிலிருந்து கொதித்துப்போய் வந்தார்.

"அவன் கை பட்டா எல்லா முகமும் மஞ்சளாயிடுது. நான் சரி பண்ணி வெச்சுட்டு வரேன், பின்னாலயே வந்து மாத்தறான். கேட்டா, 'அளக்கற கருவியில பார்த்தா இதுதான் சரி சார்'னு எனக்கே பாடம் எடுக்கறான். பார்க்கறவன் வீட்ல கருவியா வெச்சிருக்கான்? கண்ணுதானே வெச்சிருக்கான்?" சோற்றில் கையை வைத்தபடியே சொன்னார்: "காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்!"

நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். மறுநாள் அதை நிலையத்திலும் சொன்னார். அங்கேயும் சிரித்தார்கள். அன்றிலிருந்து அவர் மஞ்சத் தம்பி. வாசலில் நிற்கும் காவலாளிகூட, "மஞ்ச சார் உள்ள போயிட்டாருங்க" என்பாராம்.

செய்தி வாசிக்கும் பெண் ஒருநாள் ஒரு நிறமாகவும் மறுநாள் இன்னொரு நிறமாகவும் இருக்கிறாள் என்று பார்ப்பவர்களிடமிருந்து புகார் வர ஆரம்பித்தது. நிலைய இயக்குநர் இருவரையும் கூப்பிட்டு விசாரித்தார். எது சரியான நிறம் என்று யாரைக் கேட்பது? கண்ணுக்குப் பேர் வாங்கியவரைத்தான் கேட்டார். "பையன் நல்லவன். ஆனா கண்ணு இல்ல" என்றார் அப்பா. அவர்கள் தொழிலில் ஒருவருக்குக் கண் இல்லை என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை. மஞ்சத் தம்பியை மலைமேல் இருக்கும் ஒளிபரப்புக் கோபுரத்துக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே யாருடைய முகத்தையும் சரி செய்ய வேண்டாம். இயந்திரம் சூடாகாமல் பார்த்துக்கொண்டால் போதும். அவருக்கு அப்போதுதான் பெண் குழந்தை பிறந்திருந்தது. மலையில் குடும்பம் வைக்க வசதியில்லை.

அவரைப் பற்றி எனக்குத் தெரிந்த கதை இவ்வளவுதான். மீதியை அம்மா சொன்னாள். அலமாரியில் இருந்த அப்பாவின் சட்டைகளை யாருக்காவது கொடுப்பதற்காக எடுத்து மடித்துக்கொண்டிருந்தோம். ஒவ்வொரு சட்டைப்பையின் ஓரத்திலும் ஸ்க்ரூடிரைவர் முனை குத்திய ஓட்டை இருந்தது. ஒன்றில் ஸ்க்ரூடிரைவரே இருந்தது. அம்மா அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"போன வருஷம் உங்கப்பாவுக்குக் கண்ணுல புரை எடுத்தாங்கல்ல?"

"ஆமா. வரமாட்டேன்னு அடம் பிடிச்சார். அண்ணன்தானே இழுத்துக்கிட்டுப் போனான்."

"முதல்ல ஒரு கண்ணுலதான் எடுத்தாங்க. கட்டு பிரிச்சு வீட்டுக்கு வந்தார். வந்து நாற்காலில உக்காந்தவர் டிவியைப் பார்த்ததும் எழுந்து நின்னுட்டார். 'யாரு இதைத் தொட்டது?'னு சத்தம். நான், உங்களைத் தவிர இந்த வீட்ல அதை யாருங்க தொடுவான்னேன். அப்புறம், 'கையைக் கொண்டா'ன்னார்."

அம்மா தன் வலது கையைப் பார்த்துக்கொண்டாள்.

"எத்தனையோ வருஷம் கழிச்சுக் கேட்கறார்டி. எனக்கு உள்ளுக்குள்ள சந்தோஷம். ஓடிப்போய் வெச்சேன். என் கையையும் அந்த முகத்தையும் பார்த்தார். ஒரு கண்ணை மூடிக்கிட்டுப் பார்த்தார். அதைத் திறந்து இன்னொண்ணை மூடிக்கிட்டுப் பார்த்தார். மாத்தி மாத்தி மூடித் திறந்து, குழந்தை விளையாடற மாதிரி. புது கண்ணுல பார்த்தா முகம் நீலமா இருக்கு. பழைய கண்ணுல பார்த்தா முகம் சரியா இருக்கு, என் கை மஞ்சளா இருக்கு. அப்படியே உக்காந்துட்டார். 'அந்தப் பையன் சரியாத்தான்டி வெச்சிருக்கான்'னார்."

நான் மடித்த சட்டை கையிலேயே இருந்தது.

"நிலையத்துல இருந்தவங்களுக்குத் தெரியாதாம்மா?"

"ஏன் தெரியாது? இவர் ஓய்வு பெற்ற மறுநாளே வேற ஆள் வந்து எல்லா நிறத்தையும் சரியா மாத்தி வெச்சிருக்கான். யாரும் ஒரு வார்த்தை பேசல. வழியனுப்பு விழாவுல இவர் கண்ணைப் பத்தித்தான் ஆளாளுக்குப் புகழ்ந்து பேசினாங்க. நீயும்தானே உக்காந்து கை தட்டினே?"

கைதட்டினேன். பெருமையில் கண் கலங்கவும் செய்தேன்.

"ரெண்டாவது கண்ணும் சரியானதும், 'நான் மலைக்குப் போகணும். அவன்கிட்ட சொல்லணும்'னார். ஒருநாள் கிளம்பிப் போனார். திரும்பி வந்து, 'போனேன், பார்த்தேன்'னார். என்ன சொன்னீங்கன்னு கேட்டேன். 'தண்ணி கொடு'ன்னார். அதோட சரி. மறுபடி கேட்டா எழுந்து போயிடுவார். அப்புறம் நெஞ்சு வலி, ஆஸ்பத்திரி, எல்லாம்தான் உனக்குத் தெரியுமே." அம்மா ஸ்க்ரூடிரைவரைப் புடவை முந்தானையால் துடைத்தாள். "தப்பைத் தப்புன்னு சொல்லிட்டுப் போனாரா, சொல்லாமலே போயிட்டாரான்னு எனக்குத் தெரியணும். உங்கப்பாவோட இவ்வளவு காலம் வாழ்ந்துட்டேன். யாரைப் பறிகொடுத்தேன்னு எனக்கே தெரியலன்னா நான் எப்படிடி அழுவேன்?"

அம்மா இதுவரை அழவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வந்தவர்கள் எல்லோரையும் அவள்தான் தேற்றி அனுப்பியிருந்தாள்.

நிலையத்திலிருந்து எல்லோரும் வந்து போயிருந்தார்கள். மேக்கப் போடும் அம்மாள் வந்தாள். "என் பவுடர் உங்க வீட்டுக்காரர்கிட்ட பட்ட பாடு!" என்று அழுதுகொண்டே சிரித்தாள். இயக்குநர்கூட வந்தார். வராதது மஞ்சத் தம்பி ஒருவர்தான். வாசலில் சத்தம் கேட்கும்போதெல்லாம் அம்மா நிமிர்ந்து பார்ப்பாள்.

மழை விட்டு விட்டுப் பெய்த ஒரு மதியம் அவர் வந்தார். எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. தலை முழுக்க நரைத்திருந்தது. மலைக்காற்றில் முகத்துத் தோல் காய்ந்து கறுத்திருந்தது. ஒல்லி மட்டும் அப்படியே இருந்தது.

"வா தம்பி. இப்பதான் வழி தெரிஞ்சுதா?" என்றாள் அம்மா.

"இடி விழுந்து கோபுரத்து விளக்கெல்லாம் போயிடுச்சுக்கா. அதை மாத்தாம இறங்க முடியல. விமானம் போற வழி. அன்னிக்கு வர முடியாம போச்சு."

"அவர் இருந்திருந்தாலும் விளக்கை முதல்ல பாருன்னுதான் சொல்லியிருப்பார். உக்காரு."

உட்கார இடம் தேடியவர் அப்பாவின் நாற்காலியைப் பார்த்து, அதைத் தாண்டிப்போய் சுவரோரம் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். நான் காபி கொண்டுவந்து கொடுத்தேன்.

"சைக்கிள்லேர்ந்து விழுந்து முட்டியைப் பேர்த்துக்கிட்ட குட்டிதானே நீ?" என்று கேட்டார்.

"ஆமா. நீங்க பிடிக்கறேன்னு சொல்லிட்டு விட்டுட்டீங்க."

"விட்டாத்தானே ஓட்ட முடியும்?" லேசாகச் சிரித்தார்.

அம்மாவுக்குச் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. "தம்பி, அவர் உன்னைப் பார்க்க மேல வந்தாரே. என்ன பேசினார்?"

அவர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"வந்தார்க்கா. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு, மூச்சு வாங்கிக்கிட்டு வந்தார். உள்ள வந்ததும் இயந்திரத்தைச் சுத்திப் பார்த்தார். 'ஃபேன் சத்தம் ஒரு மாதிரி இருக்கே'ன்னார். அது ரொம்ப நாளா அப்படித்தான் சார்னேன். 'பாப்பா என்ன படிக்குது?'ன்னு கேட்டார். 'கல்யாணமே ஆயிடுச்சு சார்'னேன்."

அம்மா கண்ணை மூடித் திறந்தாள்.

"அங்க ஒரு மானிட்டர் இருக்கு. அது முன்னாடி போய் நின்னார். கண்ணாடியைக் கழட்டினார். 'படம் நல்லா இருக்கு'ன்னார். 'யாரு வெச்சது?'ன்னார். 'நான்தான் சார். இங்க வந்ததுலேர்ந்து நான்தான்'னேன். 'நல்லா இருக்கு'ன்னு மறுபடி சொன்னார்."

"அதை விடு. தப்புன்னு ஒத்துக்கிட்டாரா?"

"எதுக்கு வந்திருக்கார்னு எனக்கு அப்பவே தெரிஞ்சுபோச்சுக்கா. அவருக்குக் கண்ணு ஆபரேஷன்னு கேள்விப்பட்ட அன்னிக்கே, இனி வருவார்னு எனக்குத் தெரியும். வாய் வரைக்கும் வருது. முழுங்கிடறார். மறுபடி வருது. முழுங்கிடறார். 'சொல்லுங்க சார், என்னன்னு சொல்லுங்க'ன்னு நான் ஒரு வார்த்தை எடுத்துக் கொடுத்திருந்தா போதும். கொட்டியிருப்பார். நான் கொடுக்கல." அவர் குரல் இறங்கியது. "சொல்லட்டுமே, அவர் வாயாலயே சொல்லட்டுமேன்னு நின்னேன். அவ்வளவு வருஷத்துக் கோபம். ஃபேன் சத்தத்தைக் கேட்டுக்கிட்டு ரெண்டு பேரும் நின்னோம்."

"அப்புறம்?"

"கீழ போற ஜீப் வந்துடுச்சு. ஏறி உக்காந்தார். வண்டி கிளம்பும்போது என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். மஞ்சள்னு இல்ல. என் சொந்தப் பேரை. மலையில இருக்கறவங்களுக்கு அந்தப் பேரே தெரியாதுக்கா. வேற யாரையோ கூப்பிடறார்னு நானே ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். 'மறுபடி வரேன்'னார். அடுத்த தடவை நானே பேச்சை எடுத்துடணும்னு முடிவு பண்ணி வெச்சிருந்தேன்."

மழை மறுபடி ஆரம்பித்திருந்தது. கொல்லைக் கதவு காற்றில் அடித்துக்கொண்டது. அம்மா அப்பாவின் நாற்காலிக் கையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"ஆக, சொல்லல" என்றாள்.

"சொல்லலக்கா."

"சரி. அவர் விட்டதை நான் சொல்றேன். தம்பி, அவர் உனக்குப் பண்ணினது…"

"வேண்டாம்கா." அவர் சட்டென்று எழுந்துவிட்டார். "நீங்க சொல்லாதீங்க. எனக்குச் சோறு போட்ட கை உங்களோடது. உங்க வாயிலேர்ந்து அது வந்தா நான் எப்படி வாங்கிக்கறது?"

"அப்போ அதை நான் எங்க கொண்டுபோய் வைப்பேன் தம்பி?"

அவர் பார்வையை எங்காவது திருப்ப வேண்டுமே என்று டிவி பக்கம் திருப்பினார். சத்தமில்லாமல் யாரோ ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். நீல முகம், நீல உதடு. மஞ்சத் தம்பியின் நெற்றி சுருங்கியது. மூன்று அடி முன்னால் போய்க் குனிந்து பார்த்தார். அப்பாவும் அப்படித்தான் குனிவார்.

"இது சார் வெச்சதா?"

"அவர்தான். வேற யாரு?"

"ஆபரேஷனுக்கு முன்னாடி வெச்சது. ஆனா, கண்ணு சரியான பிறகு ஏன் இதை மாத்தல? இதைப் பார்த்துக்கிட்டு அவரால ஒரு நிமிஷம் உக்கார முடியாதே!"

"முடியலதான். முகத்தைச் சுளிச்சுக்கிட்டே பார்ப்பார். தினமும் பார்ப்பார். ஏங்க, உங்க கையிலதானே இருக்கு, மாத்தித் தொலைங்களேன்னு நானும் சொல்லிப் பார்த்தேன். 'இருக்கட்டும். அவனுக்குக் கண்ணு இருந்தது, எனக்குத்தான் இல்லன்னு தினமும் எனக்குத் தெரியணும்'னார்."

மஞ்சத் தம்பி குனிந்த நிலையிலேயே ஒரு கையை டிவியின் தலைமேல் ஊன்றிக்கொண்டார். அவருடைய முதுகு குலுங்கியது. அவர் அழுகிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"இதை என்கிட்ட சொல்லியிருக்கலாமே சார்" என்றார் டிவியைப் பார்த்து. "பெட்டிகிட்ட சொன்னதை என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

அம்மா எழுந்தாள். அலமாரிக்குப் போய் ஸ்க்ரூடிரைவரை எடுத்துவந்து அவர் முன் நீட்டினாள்.

"சரி பண்ணுப்பா."

"சார் வெச்சதை நானா?"

"நீதான். இதைப் பார்க்க வேண்டிய ஆள் போயாச்சு. இனிமே இது எதுக்கு?"

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாங்கிக்கொண்டார். டிவியின் பின்னால் போய் மண்டியிட்டு, துளையைத் தேடாமலே கண்டுபிடித்தார். சேர்ந்த புதிதில் அப்பா அவரை அந்தப் பெட்டியின் பின்னால்தான் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தாராம். திரை தெரிவதற்காக எதிர்ச்சுவரில் இருந்த நிலைக்கண்ணாடியைக் கொஞ்சம் சாய்த்து வைக்கச் சொன்னார். வைத்தேன். பிறகு சொல்லத் தயங்கியவர்போல் மெதுவாகச் சொன்னார்:

"அக்கா, கையைக் கொஞ்சம்…"

அம்மாவுக்கு அதைக் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. திரைக்குப் பக்கத்தில் ஏற்கெனவே நின்றிருந்தாள். வலது கையை நீட்டி, அந்த நீல முகத்தை ஒட்டி வைத்தாள். வயதான கை. நரம்பு புடைத்து, விரல் மூட்டுகள் வீங்கி, லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. "ஆடாதே" என்று சொல்ல யாரும் இல்லை.

பின்னாலிருந்து ஸ்க்ரூ திரும்பும் சின்னச் சத்தம் கேட்டது. திரையில் இருந்தவரின் உதட்டிலிருந்து நீலம் இறங்கியது. கன்னத்திலிருந்து இறங்கியது. பின்னணியில் இருந்த சுவர் வெள்ளையானது. அப்பா எங்களுக்காக வைத்திருந்த உலகம் ஒவ்வொரு திருகாக அந்த அறையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் அம்மாவிடமிருந்து ஒரு கேவல் வந்தது. பிறகு இன்னொன்று. கையை மட்டும் அசைக்காமல், உடம்பு முழுக்கக் குலுங்க அவள் அழுதாள்.

மஞ்சத் தம்பி பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். "முடிஞ்சுதுக்கா. கையை எடுங்க."

அம்மா எடுக்கவில்லை. அழுகையினூடே என்னிடம் கேட்டாள்:

"எப்படிடி இருக்கு? சரியா இருக்கா?"

நான் பார்த்தேன். திரையில் இருந்த முகமும் அம்மாவின் கையும் ஒரே நிறத்தில் இருந்தன. அது எனக்குத் தெரிந்தது. ஆனாலும் அந்த வீட்டில் வளர்ந்த என் கண்ணுக்கு அந்த முகம் மஞ்சளாக இருந்தது. காமாலை பிடித்ததுபோல, அப்பா சொன்னாரே, அப்படியே மஞ்சளாக இருந்தது.

"சரியா இருக்கும்மா" என்றேன்.